கம்பளிப்பூச்சிக்குப் பந்தம் பிடித்தவர்கள்

எங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரை நல்ல மனிதர் என்று சொல்கிறவர்கள் திருத்தணியில் இன்னமும் இருக்கிறார்கள். சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், என்னோடு அதே வகுப்பில் படித்தவர்தான், "ஒரு புள்ளையக் கை நீட்டி அடிச்சிருப்பாரா அந்த மனுஷன்?" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார். உண்மைதான். அவர் எங்களை அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை. "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் "கண்ணு"வை நினைத்தால் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குக் காது மடல் கொதிக்கிறது. பிரம்பால் விளாசிய வாத்தியார்களை எல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இவரை மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பள்ளிக்கூடம் மலையடிவாரத்தில் இருந்தது. படியேறுகிறவர்கள் போடும் "அரோகரா" எங்கள் வாய்ப்பாட்டுச் சத்தத்தையும் தாண்டி வகுப்புக்குள் வரும். நாங்கள் குடியிருந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எங்கள் தெருவில் எல்லோரும் வேதக்காரர்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தாராம். அதோடு கும்பிடுகிற கோயில் மாறியது. தெரு மாறவில்லை. ஊருக்குள் எங்கள் தெருவுக்கு இருந்த பழைய பெயரும் மாறவில்லை. நைனா கல் குவாரியில் கல் உடைத்தார். அம்மா நடவுக்கும் வேர்க்கடலை பிடுங்கவும் கழனிக்குப் போனாள். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் பெண் நான்.

எங்கள் தெருவிலிருந்து ஐந்தாம் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோருக்கும் கடைசி வரிசை, ஜன்னலோரம். காற்று நன்றாக வரும் இடம் என்பதால் எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் மழை விடாமல் பெய்தது. மழை ஓய்ந்ததும் மலைச்சரிவில் இருந்த உதிய மரங்களிலும் இன்னும் பேர் தெரியாத காட்டு மரங்களிலும் கம்பளிப்பூச்சி பிடித்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் யாரோ பழைய கம்பளியைச் சுற்றி வைத்த மாதிரி இருக்கும். கிட்டே போனால் அந்தக் கம்பளி மூச்சு விடும். பகலெல்லாம் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். இருட்டினதும் மேலே ஏறி இலைகளைத் தின்னும். விடிந்தால் கிளைகள் குச்சி குச்சியாக நிற்கும். காட்டு மரங்களை மொட்டை அடித்துவிட்டு, அவை மெல்ல இறங்கிப் பள்ளிக்கூடத்துப் பூவரச மரங்களுக்கு வந்தன. அங்கிருந்து நாவல் மரம். நாவல் மரத்துக்குப் பின்னால் ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வாத்தியார் வீட்டுத் தோட்டம். கொய்யா, முருங்கை, இரண்டு சப்போட்டா, ஒரு பாதாம் மரம். மனிதர் அந்த மரங்களைப் பிள்ளைகளைப்போல வளர்த்திருந்தார். பிள்ளைகளைப்போல என்று நான் சொல்வது, அவருடைய சொந்தப் பிள்ளைகளைப்போல.

ஒருநாள் தாழ்வாரத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பூவரச மரத்திலிருந்து ஒரு பூச்சி துணிக்கடைக்காரர் மகளின் பின்கழுத்தில் விழுந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் மலைமேல் சாமியே திரும்பிப் பார்த்திருப்பார். கழுத்து முழுக்கத் தடித்துச் சிவந்து போயிற்று. அவளுடைய அப்பா ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, தலைமை ஆசிரியரிடம் சத்தம் போட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன் வேறு இருந்தது. தலைமை ஆசிரியர் பதறிப்போனார். எங்கள் வாத்தியார்தான், "நான் பாத்துக்கிறேன் சார், விடுங்க" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வகுப்பில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கம்பளிப்பூச்சிக்கு யார் யாருக்குப் பயமில்லை? கை தூக்குங்க பாக்கலாம்."

வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். அவர் முன்வரிசையைத் தாண்டி, நடுவரிசையைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தார். கை தூக்காதவர்களையும் சேர்த்து எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார். அரிசி மண்டிக்காரர் மகனுக்கு ஆசை தாங்கவில்லை. "சார், சார், நானும் வரேன் சார்" என்று பெஞ்சு மேலேயே ஏறி நின்றுவிட்டான்.

"உனக்கு வேணாம்ப்பா" என்றார் வாத்தியார். "பட்ட எடமெல்லாம் தடிச்சிடும். உங்கம்மா என்னைத்தான் கேப்பாங்க. இவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இவங்க தோலு வேற தோலு. காட்டுல மேட்டுல திரியற பசங்க. பூச்சியே இவங்களப் பாத்தா ஓடும். என்ன கண்ணு?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் "ஆமா சார்" என்று கத்தினேன்.

அந்த நிமிஷத்தைப்போல ஒரு நிமிஷம் அதுவரை என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஒப்பித்தல் போட்டியில் என்னைச் சேர்த்ததில்லை. சுதந்திர தினத்தில் மிட்டாய்த் தட்டைத் தூக்கச் சொன்னதில்லை. முதல் முறையாக அரிசி மண்டிக்காரர் மகனுக்கு இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று வகுப்பில் எல்லோர் எதிரிலும் சொன்னார்கள். அதுவும் வாத்தியார் சொன்னார். என் தோல். உட்கார்ந்ததும் நான் பெஞ்சுக்கு அடியில் கையை நீட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

வேலை மறுநாள் தொடங்கியது. நீளமான மூங்கில் கழியின் நுனியில் பழந்துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டி, மண்ணெண்ணெயில் முக்கிக் கொளுத்த வேண்டும். அதுதான் பந்தம். மண்ணெண்ணெயும் நாங்களே வீட்டுக்குத் தெரியாமல் புட்டியில் கொண்டுவந்தோம். ரேஷன் கடையில் அம்மா கால் கடுக்க நின்று வாங்கிய மண்ணெண்ணெய். பந்தத்தை மரத்தில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பட்டை கருகி மரமே பட்டுப்போகும். பூச்சிமேல் லேசாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். மயிர் பொசுங்கும் வாசனை வரும். கொத்துக் கொத்தாகச் சுருண்டு கீழே விழும். விழுந்ததில் பாதிக்கு உயிர் இருக்கும். அவற்றைத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளி, குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூட வேண்டும். பந்தம் எட்டாத உயரத்தில் இருந்தால் பையன்கள் ஏறிக் கிளையை உலுக்குவார்கள். கீழே நிற்கிற எங்கள்மேல் பூச்சிமழை பெய்யும். கூட்டி முடித்த பிறகு, மறுபடி ஏறாமல் இருக்க அடிமரத்தைச் சுற்றிச் சாம்பல் போடுவோம். எனக்கு இந்த வேலை சீக்கிரமே கைவந்துவிட்டது. பட்டை கருகாமல் பந்தம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று வாத்தியாரே சொன்னார். என்னை லீடர் ஆக்கினார்.

நாங்கள் வேலை செய்யும்போது மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். அவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடுவார்கள். நாங்கள் புகைக்குள் நிற்போம். பின்னக் கணக்கு எனக்கு இன்றுவரை சரியாக வராது. அதற்குக் காரணம் என் மண்டை என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்து மரங்கள் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. அதன் பிறகு நாங்கள் தினமும் குட்டைச் சுவர் ஏறிக் குதித்தது வாத்தியாரின் தோட்டத்துக்கு. இன்ஸ்பெக்ஷனுக்கும் அவர் வீட்டுக் கொய்யாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் சரி. எவ்வளவு பெரிய கௌரவம், வாத்தியார் வீட்டுக்குப் போகிறோம்! பின்பக்கமாகத்தான் போனோம், வீட்டுக்குள் போனதில்லை. அவருடைய மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து, "கொல்லையோட இருங்க, கெணத்துப் பக்கம் வராதீங்க" என்பார். கிணற்றில் விழுந்துவிடுவோமோ என்று அந்த அம்மாளுக்கு எத்தனை அக்கறை என்று நான் வீட்டில் வந்து சொன்னேன்; மண்ணெண்ணெய் எடுத்தது தெரிந்துவிடுமே என்று பூச்சி வேலையை மட்டும் சொல்லவில்லை. அம்மா அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வேகமாகக் கொட்டினாள்.

வேலை முடிந்ததும் வாத்தியார் கொய்யாப்பழம் தருவார். தருவார் என்றால் கையில் இல்லை. தூரத்தில் நின்று பந்துபோலத் தூக்கிப் போடுவார். நாங்கள் பாய்ந்து பிடிப்போம். நான் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. தாழ்வாரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தட்டில் வைத்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். எங்களுக்குத்தான் விளையாட்டு, அவர்களுக்கு வெறும் பழம் என்று நான் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

இனி சொல்ல வேண்டியது அரிப்பைப் பற்றி.

முதல் நாளே வந்துவிட்டது. முதலில் மணிக்கட்டில், அப்புறம் முழங்கை மடிப்பில், அப்புறம் கழுத்தைச் சுற்றி. இரண்டாம் நாள் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் வரிவரியாகத் தடித்தது. மூன்றாம் நாள் முதுகு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிமயிருக்குச் சொனை என்று பெயர். அது தோலில் குத்தி நின்றுகொண்டால் சொறியச் சொறிய உள்ளே போகும். சொறியாமலும் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் அடுப்புச் சாம்பலைத் திருடி எடுத்துக்கொண்டு போய் மறைவில் தேய்த்துக்கொண்டேன். கோணிப்பையில் முதுகை உரசிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எங்கள் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவின் மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பெரியம்மா மகன் என் வகுப்புதான். அவன் மரத்தில் ஏறி உலுக்குகிறவன். அவன் சட்டையை மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டு சிரித்தபடி போகிறான். எனக்கு மட்டும்தான் அரிக்கிறது. அப்படியானால் எங்கள் தெருவிலேயே கோளாறான தோல் எனக்குத்தான் வாய்த்திருக்கிறது. இது தெரிந்தால் லீடர் பதவி போய்விடும். கடைசி வரிசையிலும் கடைசியாக உட்கார வேண்டியதுதான். நான் அக்காவின் முழுக்கை ரவிக்கையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். குளிர் என்று சொன்னேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பஜார் டெய்லரிடம் அம்மா எனக்கு ஒரு கவுன் தைக்கக் கொடுத்திருந்தாள். ரோஸ் நிறம், புட்டாப் போட்டது, பஃப் கை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அதைப் பிரித்து, "வா, போட்டுப் பாரு. சின்னதா இருந்தா பிரிச்சித் தரச் சொல்லலாம்" என்றாள்.

"அப்புறம் போட்டுக்கறேன்."

"இப்போ போடு."

"எனக்கு இந்தக் கலரு வாணாம்."

பஃப் கைக்காக மூன்று மாதம் அழுதவள் நான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிடித்து இழுத்து ரவிக்கையைக் கழற்றினாள்.  என்னைத் திருப்பி வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகில் விரல் படாமல், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சொறிந்து புண்ணான இடங்களில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது?"

"கம்பளிப்பூச்சி."

"எங்க பட்டுகின?"

"இஸ்கோல்ல. பூச்சி கொளுத்தறோம். நான்தான் லீடரு."

"நாங்கன்னா யாரு யாரு?"

பெயர்களைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எல்லாப் பெயரும் எங்கள் தெருப் பெயர்கள். துணிக்கடைக்காரர் மகளையும் அரிசி மண்டிக்காரர் மகனையும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள். நான் விளக்கினேன். இவ்வளவு எளிய விஷயம்கூட இவளுக்குத் தெரியவில்லையே என்று பொறுமையாகத்தான் விளக்கினேன். அவர்களுக்குத் தடித்துவிடும், நமக்கு ஒன்றும் ஆகாது, நம்ம தோல் வேற தோல். வாத்தியாரே சொன்னார்.

அம்மா வெற்றிலையைக் கசக்கிச் சாற்றை என் முதுகில் பூசினாள்.  நைனா வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நைனா பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாளிக்கு நான் இஸ்கோலுக்குப் போறேன்" என்றாள் அம்மா.

"வாணாம்" என்றார் நைனா. "படிக்கிற எடம். வாத்தியாரப் பகைச்சிகினா பெயிலாக்கிடுவான். நம்ம புள்ளைங்க அங்க ஒக்காந்து படிக்கறதே பெரிய விஷயம். நீ வேற போயி சண்டை போட்டுகினு இருக்காத."

"படிக்கறாளா? பந்தம் புடிக்கறா, நைனா! படிக்கறான்னு நெனச்சிகினு நாம கஞ்சி குடிச்சிகினு கீறோம்." அம்மாவும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்த வார்த்தையில் மரியாதை குறைவாக இருந்தது.

நைனா மறுபடி வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் தெரு ஆம்பளை போய்க் கேட்டிருந்தால் அது அடிதடியில் முடிந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை நான் வாத்தியாரின் தோட்டத்தில் முருங்கை மரத்துக்குப் பந்தம் பிடித்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வாத்தியாரும் வந்து நிழலில் நின்றிருந்தார். அம்மா பள்ளிக்கூடத்து வாசல் வழியாக நுழைந்து, வகுப்பு நடக்கிற தாழ்வாரத்தைக் கடந்து, குட்டைச் சுவர்வரைக்கும் வந்து நின்றாள். கழனிக்குக் கட்டுகிற புடவை. கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தால் என்ன?

"வாம்மா, வாம்மா" என்றார் வாத்தியார். குரலில் சர்க்கரை. "உம் பொண்ணு கெட்டிக்காரிம்மா. இந்தப் பசங்களுக்கே இவதான் லீடர்."

"இந்தப் பசங்கன்னா எந்தப் பசங்க சார்?" என்றாள் அம்மா.

அவருக்குக் கேள்வி புரியவில்லை, அல்லது புரியாததுபோல இருந்தார்.

"எங்க தெருப் புள்ளைங்கள மட்டும் எதுக்கு சார் இதுக்கு வச்சிகினீங்க? அதோ அங்க ஒக்காந்துகினு கீதே, அதுங்கல்லாம் உங்க இஸ்கோலு புள்ளைங்க இல்லியா?"

"அய்யோ, அதுங்க தாங்காதும்மா. இவங்களுக்குப் பழக்கம். நீயே பாக்கறியே, எவ்வளவு சந்தோஷமா செய்யறாங்க. இந்தத் தோலுக்கெல்லாம் பூச்சி ஒண்ணும் பண்ணாதும்மா."

அம்மா சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். நேராக முருங்கை மரத்துக்கு நடந்து, நான் இன்னும் பந்தம் காட்டாத இடத்திலிருந்து ஒரு கம்பளிப்பூச்சியை வெறும் கையால் பிய்த்து எடுத்தாள். நல்ல வளர்ந்த பூச்சி. உள்ளங்கையில் அது நெளிந்தது. அந்தக் கையை வாத்தியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கைய நீட்டுங்க சார்."

"என்னம்மா இது?"

"நீட்டுங்க சார். எங்க தோலு வேற தோலுன்னீங்களாமே. உங்களுது எப்பிடின்னு நானும் பாக்கறேன்."

வாத்தியார் பின்னால் நகர்ந்தார். அம்மா முன்னால் வந்தாள். அவர் மறுபடி நகர்ந்தார். கொய்யா மரத்தில் முதுகு முட்டியது. அதில் பூச்சி இருக்கிறதோ என்ற பயத்தில் துள்ளி விலகினார். தாழ்வாரத்தில் யாரோ ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தார்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அவமானத்துக்குக் காரணம் என் அம்மா.

அவள் அதோடு விடவில்லை. பூச்சியைக் கீழே போட்டுக் காலால் தேய்த்துவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த பெரியம்மா மகனின் சட்டையைத் தூக்கினாள். முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது, என் முதுகைவிட மோசமாக. அடுத்த பையன். அவனுக்கும் அப்படியே. அடுத்தவள் கையைப் பின்னால் மறைத்தாள். அம்மா அதைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் காட்டினாள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நாளும் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"பாருங்க சார். நல்லாப் பாருங்க. இதுவும் தடிக்கிது. இதுவும் வீங்குது. இதுங்களுக்கும் வலிக்கிது சார்!" என்றாள் அம்மா. "நாலு எழுத்து கத்துக்கட்டும்னுதான் சார் அனுப்பினோம்."

இதற்குள் தலைமை ஆசிரியர் ஓடி வந்துவிட்டார். "பொம்பள இங்க வந்து இப்படிக் கலாட்டா பண்றது நல்லால்ல. போம்மா, போ. பேசிக்கலாம்" என்றார். வாத்தியாரின் மனைவி ஜன்னலில் நின்று, "கொல்லை வரைக்கும் விட்டதே தப்பு" என்றார். வாத்தியார் மட்டும் கோபப்படவில்லை. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வருத்தமான முகத்தோடு என்னைப் பார்த்தார். "உங்கம்மா தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க. நீயே சொல்லு கண்ணு. உனக்கு அரிக்குதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார், தலைமை ஆசிரியர், தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள், அம்மா.

"இல்ல சார்!" என்று கத்தினேன். "எனக்கு ஒண்ணுமே அரிக்கல சார்! எங்கம்மா பொய் சொல்லுது சார்!"

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கையிலிருந்த பந்தத்தை வாங்கி மண்ணில் குத்தி அணைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இதற்குப் பின்னால் நடந்தவை அதிகமில்லை. மறுநாள் மற்ற அம்மாக்களும் வந்தார்கள். எல்லோரும் இல்லை, சிலர். என் பெரியம்மா வரவில்லை. நைனா பயந்த மாதிரியே அவளும் பயந்தாள். அவள் மகன் இன்னும் இரண்டு நாள் மரம் ஏறினான். அப்புறம் ஆட்களை வைத்து மருந்து அடித்தார்கள். வாத்தியார் என்னைப் பெயிலாக்கவில்லை. "கண்ணு" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்த வருஷம் முழுக்க அவர் என்னை எதுவுமே கேட்கவில்லை. கணக்குக்கு நான் கை தூக்கினால் அவருடைய பார்வை என் தலைக்கு மேலே போகும். நான் அதற்கும் அம்மாவைத்தான் குற்றம் சொன்னேன். இதையெல்லாம் செய்தவர் ஓய்வு பெற்றபோது சால்வை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அவருக்குப் பக்கத்தில் அரிசி மண்டிக்காரர் மகன் நிற்கிறான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஜார் வழியாகப் போனாள். நான் காலைத் தரையில் தேய்த்தபடி, பொருமிக்கொண்டே போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அரக்கோணம் போகிற வண்டிக்காகச் சைக்கிள்காரர்களும் மாட்டு வண்டிக்காரர்களும் நின்றிருந்தார்கள். நாங்களும் ஓரமாக நின்றோம். வண்டி வந்தது. நீளமான கூட்ஸ். போய்க்கொண்டே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பூச்சியைப் பிடித்த அதே கையால் இரண்டு கண்களையும் மாறி மாறித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் கொட்டியது. உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தில் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு இருந்த அனுபவம் சும்மா இருக்கவிடவில்லை.

"அந்தக் கையால கண்ணத் தொடாத" என்றேன், லீடர் குரலில். "சொனை கண்ணுக்குள்ள பூந்துக்கும். அதான் தண்ணியா ஊத்துது."

அம்மா, "ஆங்" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

இவ்வளவு பெரிய மனுஷி, வெறும் கையால் கம்பளிப்பூச்சியைப் பிடித்தால் கண் இப்படித்தான் ஆகும் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.